அளவுக்காரரின் கடைசிக் கட்டம்

குதிரை வரைவதுதான் கஷ்டம் என்று பொதுவாக எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. அப்படி ஒன்றும் இல்லை. எந்தக் கால் எப்போது தரையைத் தொடும் என்பதை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொண்டால் போதும், குதிரை ஆயுசுக்கும் ஓடும். கஷ்டம் கெட்டவனை வரைவதுதான். நல்லவனுக்கு ஒரு முகம் இருந்தால் கதையை ஓட்டிவிடலாம். கெட்டவனுக்கு எத்தனை முகம் இருந்தாலும் பற்றாது.

நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள், டீயும் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே ஆதியிலிருந்து, நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்கு என் வேகம் அதிகமாகத் தெரிந்தால் கையைத் தூக்கட்டும், நிறுத்திக்கொள்கிறேன். இன்னொருவர் கை வலிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வராது.

நான் வேலை பார்ப்பது ஒரு படக்கதைத் தொடரில். பாலைவனம், பலகையால் கட்டிய ஊர், ஆடும் கதவு போட்ட மதுக்கடை, இடுப்பில் துப்பாக்கி, அந்த வகை. நான் சேர்ந்தபோதே தொடருக்கு என்னைவிட வயது அதிகம். எங்களில் ஒருவர்கூட அந்தப் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. குதிரை வரைகிறவர் வாழ்நாளில் குதிரை ஏறியதில்லை. ஏறிவிடலாம், இறங்குவது எப்படி என்பதுதான் அவருடைய கவலை.

எங்கள் அறையில் வேலை பங்கு போட்டுத்தான் நடக்கும். ஒருவர் கதாநாயகனை மட்டும் வரைவார். குதிரைக்காரர் குதிரையும் மலையும் கட்டடமும். கெட்டவர்கள் என் பங்கு. அதனால் அலுவலகம் முழுக்க எனக்கு வில்லன் என்றுதான் பெயர். "வில்லனுக்குச் சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்று வராந்தாவில் குரல் கேட்கும். நானும் அந்தப் பெயருக்குத் தலையாட்டிப் பழகிவிட்டேன். கதாநாயகனுக்கு நாங்கள் வைத்த பெயர் துரை. எந்தப் புழுதியிலும் துரைக்குச் சட்டை கசங்காது. பசிக்காது. சுட்டால் தப்பாது. அவரிடம் இருப்பது மொத்தம் நாலு முகம்: முறைப்பு, அரைச் சிரிப்பு, தூரத்தைப் பார்ப்பது, தொப்பி நிழலில் ஒன்றுமே தெரியாதது. நாலாவது இருக்கும் கட்டங்கள் வந்தால் அவரை வரைகிறவர் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார்.

எல்லோருடைய மேஜையிலும் ஒரு கண்ணாடி இருக்கும். முகபாவம் வேண்டுமென்றால் நாமே செய்து பார்த்து வரைவது இந்தத் தொழிலின் வழக்கம். ஒருவர் பல்லைக் கடிப்பார், ஒருவர் மூக்கை விரிப்பார். டீ கொண்டு வருகிறவர் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார், உள்ளே வர மாட்டார். என் கண்ணாடி மட்டும் எனக்கு உதவியதில்லை. என் முகத்தில் எதுவும் வராது, ஐயா. கொலைவெறியோடு முறைத்தால், மருந்துக் கடையில் சீட்டைத் தொலைத்துவிட்டு நிற்கிறவன் மாதிரி இருக்கும். அதனால்தான் நான் அடுத்தவர் முகத்தைப் பார்க்கப் பழகினேன்.

எங்கள் வாசகர்கள் கதையை மறந்துவிடுவார்கள், கெட்டவர்களை மறக்க மாட்டார்கள். தூக்குத் தண்டனை சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நீதிபதி ஒருவர் இருந்தார். அது எங்கள் காது டாக்டரின் முகம். வறட்சிக் காலத்தில் கிணற்றைப் பூட்டி வைத்துக்கொண்டு தாகத்தை ஏலம் விட்ட விதவை, என் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. மயக்க மருந்து கொடுக்காமல் பல் பிடுங்கும் கொள்ளைக்காரன், தினமும் என்னோடு பேருந்தில் வந்த ஒரு சாதுவான மனிதர். கடைசிப் பக்கத்தில் துரை எல்லோரையும் சுட்டுவிடுவார். அது எங்கள் சட்டம். கெட்டவன் கடைசிப் பக்கத்தைத் தாண்டக் கூடாது.

என்னிடம் ஒரு குறையும் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுக்கு வேண்டியிருக்கும். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் எனக்கு வராது. தலை பெரிதாகவும் உடம்பு சுருங்கிக்கொண்டே போய்ப் பாதம் புள்ளியாகவும் தெரிய வேண்டும் அல்லவா, அது கடைசிவரை கைகூடவில்லை. மேலிருந்து நான் ஆளை வரைந்தால் தொப்பி போட்ட காளான் முளைத்த மாதிரி இருக்கும். அந்தக் கட்டங்களைக் குதிரைக்காரர் எனக்காக வரைந்து கொடுப்பார். பதிலுக்கு அவருடைய கட்டங்களில் மனிதக் கைகளை நான் வரைவேன். அவர் கை வரைந்தால் அது குளம்பாகிவிடும். இத்தனை வருஷமும் இப்படித்தான் ஒருவர் குறையை ஒருவர் மூடிக்கொண்டிருந்தோம். கல்யாணம் மாதிரிதான்.

என் மனைவிக்குப் படம் பார்க்கத் தெரியாது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிலருக்கு ராகம் பிடிபடாது, அவளுக்குப் படம். வசனக் குமிழிக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் கடகடவென்று படித்துவிட்டு, "இதுல யாருங்க நல்லவன்?" என்று கேட்பாள். என் வேலைக்கு அவள் வைத்த பெயர் குதிரைப் படம்.

அவளுக்கு ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கிழட்டு லிஃப்டும் அவன் பொறுப்பில்தான் இருந்தது. கல்யாணமாகாதவன், எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். அவன் முகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புருவம் இரண்டும் நடுவில் கைகோத்திருக்கும். இடது இமை பாதி தொங்கும். சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்ததில் மேலுதடு பிளந்து தைத்த தழும்பு. மொத்தத்தில், குழந்தைகள் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடும் முகம். ஆள் என்னவோ கரப்பான்பூச்சியைக்கூட அட்டையில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டு வருகிறவன்.

மதியத்தில் வேலை முடிந்தால் எண்ணெய்க் கையோடு என் மேஜைக்கு வந்துவிடுவான். உதவி செய்ய வேண்டும் என்று ஆசை.

"அத்தான், இப்ப முறைக்கிறேன் பாருங்க. பயமா இருக்கா?"

"சாப்டாச்சான்னு கேக்குற மாதிரி இருக்குடா மாப்ளே."

"இருங்க, இன்னொரு தடவை. உங்கள எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுன்னு நெனச்சுக்கிறேன்." நெற்றியைச் சுருக்கினான். தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். "முடியல அத்தான். வேற யாரையாவது நெனச்சுக்கட்டுமா?"

குதிரைக்காரர் அங்கிருந்தே, "தம்பி, நீ குதிரைக்கு ட்ரை பண்ணு. எங்கிட்ட வேகன்ட் இருக்கு" என்பார். அவனும் ஒருமுறை கனைத்துக் காட்டினான்.

அப்படியே போயிருக்கலாம். அவனுடைய அம்மா, அதாவது என் மாமியார், இறந்த அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன். அக்கா உடைந்துபோய்விடக் கூடாது என்று அவன் அழுகையை அடக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றான். தொங்கிய இமை துடித்தது. தழும்பு வெளுத்து உதட்டை ஒரு பக்கமாக இழுத்தது. தாடை இறுகியது. என்னுடைய வாழ்நாளில் அதைவிடப் பயங்கரமான முகத்தை நான் பார்த்ததில்லை. துக்கம் விசாரிக்க வந்து கையைக் கொடுக்கப் போன ஒருவர் பின்வாங்கிவிட்டார். அவன் வேறொன்றும் செய்யவில்லை, துக்கப்பட்டான், அவ்வளவுதான். துக்கம் வந்தால் அந்த முகம் அப்படி ஆகிறது.

நான் போய் அவனைக் கட்டிக்கொண்டேன். நிஜமாகவே கட்டிக்கொண்டேன், நானும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் மறப்பதற்கு முன்னால் வரைந்துவிட்டேன்.

அப்படிப் பிறந்தவர்தான் அளவுக்காரர். பலகை ஊரின் சவப்பெட்டித் தச்சர். யாரையும் கொல்வதற்கு முன்னால் நாடாவை எடுத்துக்கொண்டு வருவார். தலையிலிருந்து பாதம்வரை மரியாதையாக அளப்பார். "கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பார். பெட்டி சரியான அளவில் தயாராகும் வரைக்கும் சுட மாட்டார். தொழில் சுத்தம். புத்தகம் வந்ததும் எங்கள் ஆசிரியர் அம்மா எழுந்து வந்து என் மேஜை முன்னால் நின்றார். அவர் யார் மேஜைக்கும் வருகிறவர் இல்லை.

"இந்த ஆளைக் கொல்ல வேண்டாம்" என்றார். "தப்பிச்சுப் போகட்டும். திரும்ப வரணும்."

தொடரின் சரித்திரத்திலேயே கடைசிப் பக்கத்தைத் தாண்டிய முதல் கெட்டவர் அளவுக்காரர். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த புத்தகத்துக்கு உட்கார்ந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. என்னிடம் அந்த முகம் ஒரே ஒரு கோணத்தில்தான் இருந்தது. அவனோ பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டான். துக்கம் ஆறிவிட்டது. ஆறத்தானே செய்யும்.

அந்தச் சமயத்தில் மருந்துக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். நல்ல பெண். அவன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசிய முதல் பெண். நான் அவளுக்கு அந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தேன். வேறென்ன கொடுக்க முடியும் நம்மால். அவள் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள்.

"நிஜத்துலயும் இவரு இப்படித்தானா அண்ணா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. ஜன்னலைப் பார்த்தேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், போட்டுக்கொண்டேன். பிறகு, "சேச்சே, ரொம்ப நல்ல பையன்மா" என்றேன். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

அவன் காரணம் தெரியாமல் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். "என் மூஞ்சிதான் அத்தான் காரணம். வேறென்ன இருக்கு?" என்றான். நான் இடது கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வலது கையில் பென்சில் இருந்தது. அவன் அழுதபோது எனக்கும் கண்ணீர் வந்தது, காகிதத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தைவிட நன்றாகப் போனது.

மூன்றாவதற்கு நாய். அவனிடம் ஒரு நொண்டி நாய் இருந்தது, மூணுகாலன் என்று கூப்பிடுவோம். சாலையில் வண்டிகள் பறக்கும் நேரத்தில் நான் கேட்டைச் சாத்த மறந்தேன். மறதி எல்லோருக்கும் உள்ளதுதான். முதல் தடவை மறந்தபோது நாய் தானாகத் திரும்பி வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்துதானே உட்கார்ந்திருக்கிறேன்.

நான்காவதற்கு என் மனைவி. இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அக்காவும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன்: "அம்மாவ நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத் தாமதமாயிடுச்சுன்னு உன் தம்பி மனசுல வச்சிருக்கான் போல." அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே தெளிந்திருக்கும். கேட்கவில்லை. உள்ளுக்குள் அவளே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஈரம் இல்லாத இடத்தில் விதைத்தால் முளைக்காது.

பேச்சு நின்றது. அவள் தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் ஏன் என்று தெரியாமல் சாப்பிடுவான். பிறகு மாடியைக் காலி செய்துகொண்டு, தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத ஓர் அறைக்குப் போய்விட்டான்.

"அக்கா ஏன் அத்தான் எங்கிட்டப் பேச மாட்டேங்குது? நான் என்ன பண்ணேன்?"

"விடு மாப்ளே. சரியாயிடும்."

"உங்கள விட்டா எனக்கு வேற யாரு அத்தான் இருக்கா?"

உண்மைதான். அதற்குள் வேறு யாரும் இல்லாமல் ஆகியிருந்தது. அவன் வருவதும் உட்காருவதும் நான் ஆறுதல் சொல்வதும் வரைவதுமாகப் போனது. தான் உதவியாக இருக்கிறோம் என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி அவனே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வான்.

நீங்கள் பென்சிலை மேஜையில் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள், ஐயா. கோபமாக இருந்தால் கோபப்படலாம். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். துரை இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைச் சுட்டிருக்கிறார். அவரை ஒருவர்கூட விசாரித்ததில்லை. நான் யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. வேண்டுமானால் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த புத்தகத்துக்கு வந்த தொல்லை நான் எதிர்பாராதது. அவன் முகம் வற்றிவிட்டது. என்ன நடந்தாலும் அந்த இமை துடிக்கவில்லை. எடுத்துக்கொள்ள அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தோன்றியது. காய்ந்த கிணற்றில் வாளியை விட்டால் டங்கென்று சத்தம் வருமே, அப்படி உட்கார்ந்திருந்தான். அதே சமயத்தில்தான் ஆசிரியர் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். தொடரின் ஆண்டுமலர் வரப்போகிறது, அதில் அளவுக்காரரைக் கொன்றுவிடலாம் என்று முடிவாகியிருந்தது. பாழடைந்த சுரங்கத்தில் துரையும் அவரும் சண்டை போடுவார்கள். அளவுக்காரர் கால் தவறிக் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். துரை மேலே நின்று பார்ப்பார். கடைசிக் கட்டம் முழுப் பக்கம், அளவுக்காரரின் முகம்.

"அவர் விழப்போறார்னு அவருக்கே தெரியிற நிமிஷம்" என்றார் ஆசிரியர் அம்மா. "படிக்கிறவனுக்கு அன்னிக்குத் தூக்கம் வரக் கூடாது. செய்ய முடியுமா?"

முடியும் என்றேன். என்னிடம் யாராவது முடியுமா என்று கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

அந்த வாரம் எங்கள் லிஃப்ட் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பது நிஜம். நான் செய்ததல்ல. விடுமுறை நாளில் வந்து பார்த்துக் கொடுக்க முடியுமா என்று மட்டும் அவனைக் கேட்டேன்.

"ரெண்டு ஆள் இல்லாம குழியில இறங்கக் கூடாது அத்தான். அது ரூல். என் கூட வர்றவருக்கு அன்னிக்கு லீவு."

"அப்படின்னா விடு மாப்ளே. ஆசிரியர் அம்மாவுக்கு முட்டி வலி. படி ஏறட்டும், என்ன பண்றது?"

கொஞ்சம் யோசித்தான். "நீங்க வருவீங்கல்ல? நீங்களே ரெண்டாவது ஆளா நின்னுக்கோங்க. ஒண்ணும் பெரிய வேலையில்ல."

கட்டடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. வாசல் காவலர் அறையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. எங்கள் மாடி லிஃப்ட் கதவை அவன் திறந்து கட்டை வைத்து நிறுத்தினான். லிஃப்ட் பெட்டி அடித்தளத்தில் நின்றது. குழியின் உள்சுவரில் ஒரு குறுகலான இரும்புச் சட்டம் ஓடும், அதில் காலை வைத்து நின்றுகொண்டு கதவின் மேல் சக்கரத்தைச் சரிசெய்ய வேண்டும். இடுப்பில் பாதுகாப்பு வார், அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் கொக்கி. அந்தக் கொக்கியை வெளியே சுவரில் பதித்த வளையத்தில் மாட்டுவதுதான் இரண்டாவது ஆளின் வேலை. மொத்த வேலையும் அவ்வளவுதான்.

வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவன் கலகலப்பாக இருந்தான். யாருக்கோ பயன்படுகிறோம் என்கிற சந்தோஷம். உள்ளே இறங்கி நின்று, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டான்:

"கொக்கி மாட்டியாச்சா அத்தான்?"

"மாட்டியாச்சு மாப்ளே" என்றேன்.

கொக்கி என் கையில் இருந்தது.

அவன் கயிற்றை நம்பிப் பின்னால் சாய்ந்தான். அவர்கள் அப்படித்தான் சாய்ந்து நின்று வேலை செய்வார்கள். கொக்கி என் கையைவிட்டுப் போனது. அதை நான் பிடித்துக்கொள்ளவில்லை. அவன் கெட்டிக்காரன், விழும்போதே வாசல் விளிம்பைப் பிடித்துவிட்டான். இரண்டு கை, பிறகு ஒரு கை. நான் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தேன். சட்டைப்பையில் பென்சில் இருந்தது, ஆனால் எடுக்கத் தோன்றவில்லை. கண்ணாலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இதை உங்கள் எழுத்தர் கவனமாக எழுதிக்கொள்ளட்டும். நான் எதற்காக அத்தனையும் செய்தேனோ அது கிடைக்கவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான், நான் இருப்பதைப் பார்த்தான். அந்த முகம் மலர்ந்துவிட்டது. இமை துடிக்கவில்லை, உதடு இழுக்கவில்லை. காப்பாற்றப்பட்டுவிட்ட ஆளின் முகம்.

"அத்தான், கையக் குடுங்க" என்றான். பதற்றமே இல்லாமல், உப்பு எடுத்துக் கொடுங்கள் என்கிற மாதிரி.

முகம் மாறும் என்று காத்திருந்தேன். புரிந்துகொள்வான், மாறும் என்று. நான் கை கொடுக்காமல் குனிந்து நிற்பதற்குக்கூட அவன் ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். "கை வழுக்குதா அத்தான்? பயப்படாதீங்க, மணிக்கட்டப் பிடிங்க" என்று எனக்குத் தைரியம் சொன்னான். கடைசிவரை மாறவில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கெட்டவனை எப்படி வரைவது. எனக்கு அவன்மேல் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

விதியை மீறித் தனியாக வந்தான், கொக்கி மாட்ட மறந்தான் என்று அவனுடைய கம்பெனி சொல்லிவிட்டது. நான் காவலர் கண்ணில் படாமல் படி வழியாக இறங்கி வீட்டுக்குப் போயிருந்தேன். செய்தி வந்தபோது என் மனைவி சுவரோரமாக உட்கார்ந்து, "அவங்கிட்ட நான் பேசலையே" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அவளுக்காக நான் பட்ட துக்கம் பொய்யில்லை.

ஆண்டுமலர் நிற்காதே. அந்த முகத்தை நானே கற்பனையில் செய்ய வேண்டியதாயிற்று. மற்றதெல்லாம் அப்படியே கண்ணில் இருந்தது. ஒரே இருப்பில் வரைந்து முடித்தேன். ஆசிரியர் அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தார். "இந்த வேலையில இதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றார்.

 மாலையில் எல்லோரும் கிளம்பும்போது குதிரைக்காரர் என் மேஜைக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத நீயா வரைஞ்சே?"

"ஏன்?"

"மேலருந்து பாக்குற கோணம். உனக்கு வராதே. இதுக்கு எங்கிட்டத்தான வருவே?"

"இந்தத் தடவை வந்துடுச்சு."

"பாதம் எவ்வளவு சின்னதாகும், தோள் எங்க மறையும், எல்லாம் அச்சு அசலா இருக்கு. எனக்கே இவ்வளவு வராது." குரலில் பாராட்டு இருந்தது, அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. விரலை ஓரிடத்தில் வைத்தார். "சரி, கதையில அளவுக்காரர் இடுப்புல கயிறு கிடையாதே. இதுல கயிறு தொங்குது. முனையில கொக்கி. இது எதுக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். ஆமாம், கயிறு இருந்தது. வரைந்ததே எனக்கு நினைவில்லை. அழகுக்கு என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒருவர் குறையை ஒருவர் இத்தனை வருஷம் மூடியது போதும் என்று நினைத்தாரோ என்னவோ. கெட்டிக்காரர்கள் தப்புச் செய்து மாட்டிக்கொள்வார்கள் என்பார்கள். நான் நன்றாக வரைந்து மாட்டிக்கொண்டேன். அவர் நேராக என் வீட்டுக்குப் போயிருக்கிறார், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு.

நான் போனபோது என் மனைவி அதை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழியே இல்லாத பக்கம். படிக்க ஒன்றும் இல்லாததால் பார்க்க வேண்டியதாகிவிட்டது, பாவம். கயிற்றைப் பார்த்தாள். கொக்கியைப் பார்த்தாள். விளிம்பைப் பிடித்திருந்த கையை விரலால் தொட்டாள், அதில் நகத்தில் எண்ணெய்க் கறை வரைந்திருந்தேன். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். பிறகு முகத்துக்கு வந்தாள். அங்கே வெகுநேரம் நின்றாள்.

"கை அவனோடது" என்றாள். "இது அவன் மூஞ்சி இல்ல."

"கற்பனைம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். "இது நீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. உங்களுக்குத் தொலைபேசி செய்தது அவள்தான். நான் தடுக்கவில்லை. நாற்காலியை நகர்த்தி வழி விட்டேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கொக்கியை நான் மாட்டவில்லை, மாட்டியதாகச் சொன்னேன். கையைக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. அந்தப் பெண், அந்த நாய், அக்காள் தம்பி பேச்சு, எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். அவள் கடைசியாகச் சொன்ன ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம். என் முகத்தில் எதுவும் வராது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன், என் கண்ணாடியைக் கேட்டால் அதுவும் அதையே சொல்லும். அவளுக்குப் படம் பார்க்கத் தெரியாது. நீங்கள் படித்தவர், விஷயம் தெரிந்தவர். நீங்களும் எதற்காக, ஐயா, அந்தப் பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள்?